ஒன்றரை லட்சம் வரிகளில் ஓர் அஞ்சலகம்

இந்திய அஞ்சலகங்களின் பின்கோடு பட்டியலை மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அது ஒரு சிஎஸ்வி கோப்பு. அஞ்சலகத்துக்கு ஒரு வரி என்று ஒன்றரை லட்சம் வரிகளுக்கு மேல் ஓடும். 600004 என்று கேட்டால் மயிலாப்பூர் என்று பதில் சொல்லும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதிப் பார்ப்போம்.

வரியைக் காற்புள்ளியில் வெட்டிப் பிரிக்கத்தான் முதலில் கை போகும். ஆனால் பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் அத்தனை பத்திகளும் இடம் மாறிவிடும். பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூல் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அது தருவதெல்லாம் எழுத்துச்சரம். 600004 என்று எண்ணாகத் தேடினால் எதுவும் கிடைக்காது.

ஒரு முகவரிக்காக முழுப் பட்டியலையும் மேலிருந்து கீழே படிப்பதில் தவறில்லை, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பத்தாயிரம் முகவரிகளைச் சரிபார்க்க வேண்டியிருந்தால்? 150 கோடி ஒப்பீடுகள். இங்கேதான் பைத்தானின் டிக்ஷனரி கைகொடுக்கிறது. பின்கோடை ஒரு கணக்கில் போட்டு, விவரம் நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அது நேரே கண்டுபிடித்துவிடும். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் தேடும் நேரம் ஏறக்குறைய அதேதான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கிராமப்புறங்களில் ஒரே பின்கோடைப் பல கிளை அஞ்சலகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. டிக்ஷனரியிலோ ஒரு கீ, ஒரு மதிப்பு. அடுத்த அஞ்சலகம் வரும்போது முந்தையது சத்தமில்லாமல் அழிந்துபோகும், பிழைச்செய்திகூட வராது. ஆகவே ஒவ்வொரு பின்கோடுக்கும் ஒரு பட்டியலை வைத்து அதில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

நிரல் முடிந்ததும் டிக்ஷனரியும் போய்விடும். ஜேசன் கோப்பாக எழுதி வைக்கலாம். கீ எண்ணாக இருந்தால் திரும்பப் படிக்கும்போது எழுத்துச்சரமாக வந்து நிற்கும். தனியாகச் சொல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் யூனிகோடு எண்கள் பதிவாகும். பிக்கிள் என்ற வழியில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் முன்பின் தெரியாதவர் அனுப்பிய பிக்கிள் கோப்பைத் திறக்கவே கூடாது. திறக்கும்போதே அவர் எழுதிய கட்டளையை உங்கள் கணினி நிறைவேற்றிவிடக்கூடும்.

ஜேசனுக்கு வேறொரு குறையும் உண்டு. ஒரே ஒரு பின்கோடைத் தேடினாலும் முழுக் கோப்பையும் படித்தாக வேண்டும். இந்த வேலைக்கு என் தேர்வு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம். அமெரிக்கக் கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் பணியிலிருந்து 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் உருவாக்கியது இது. இன்று ஒவ்வொரு ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இருக்கிறது. 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. சர்வர் வேண்டாம்; முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு.

பின்கோடு பத்திக்கு இண்டெக்ஸ், அதாவது வரிசைப்படுத்திய சுட்டுப்பட்டியல், போட்டுவிட்டால் எஸ்க்யூலைட் அதை மேலிருந்து கிளை கிளையாகப் பிரியும் பி-மரமாகப் பக்கங்களில் அடுக்கிக்கொள்ளும். வழக்கமாக ஒரு பக்கம் 4,096 பைட். அதில் நூற்றுக்கணக்கான பின்கோடுகள் அடங்கும். ஒரு சில பக்கங்களைப் புரட்டினால் மயிலாப்பூர் வந்துவிடும். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்து, 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த பின்கோடும் இப்படிப் படிப்படியாக இறங்குவதுதான்: 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலம், 600 என்றால் சென்னை, கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகம்.

இண்டெக்ஸ் வரிசையாக இருப்பதால், டிக்ஷனரியால் எளிதில் முடியாத ஒன்றையும் கேட்கலாம்: சென்னை அஞ்சலகங்கள் எல்லாம் வேண்டும். '600 என்று தொடங்குபவை' என லைக் என்ற சொல்லைப் போட்டுக் கேட்டால், இயல்பான அமைப்பில் எஸ்க்யூலைட் இண்டெக்ஸைத் தொடாமல் முழு அட்டவணையையும் படிக்கும். '600000' முதல் '600999' வரை என்று கேளுங்கள்; நேரே அந்த இடத்துக்குப் போய்விடும். எது நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால், கேள்விக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் க்வெரி ப்ளான் என்று சேர்த்துப் பாருங்கள். ஸ்கேன் என்று வந்தால் முழுவதும் படிக்கிறது, சர்ச் என்று வந்தால் இண்டெக்ஸ் வழியே போகிறது.