ஆறாம் தர ஆங்கிலப் புத்தகத்தில் என்ன கிடந்தது?

கிளிநொச்சி மாவட்டத்தின் பளைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் ஆங்கிலப் புத்தகத்தை விரித்துப் பாருங்கள். பழைய கலண்டர் தாளில் உறை போட்டிருக்கும். உள்ளே ஆங்கிலச் சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழ்க் கருத்து எழுதியிருக்கும். தென்னங்காணியில் கூலி வேலைக்குப் போய்வரும் தகப்பனால் அந்தப் புத்தகத்தில் வாசிக்க முடிவது அந்தப் பென்சில் எழுத்தை மட்டும்தான். 2026 தொடக்கத்தில் இலங்கையையே உலுக்கிய பாடநூல் சர்ச்சையை நான் அந்தத் தகப்பன் பக்கம் இருந்துதான் பார்க்கிறேன்.

புதிய கல்விச் சீர்திருத்தம் 2026இல் 1ஆம், 6ஆம் தரங்களில் தொடங்க இருந்தது. 6ஆம் தரத்துக்கென மகரகம தேசிய கல்வி நிறுவகம் தயாரித்த ஆங்கில மொடியூலில், வயது வந்தோருக்கான ஓர் இணையத்தளத்தின் பெயர் அச்சாகியிருந்தது. 2025 டிசம்பர் கடைசியில் விஷயம் வெளியே வந்ததும் விநியோகம் நின்றது. கல்வி அமைச்சு குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் முறையிட்டது. நிறுவகத்தின் பணிப்பாளர் நாயகம் விலகி நின்றார். கல்வி அமைச்சரான பிரதமர் ஹரிணி அமரசூரிய பதவி விலக வேண்டுமென்று கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவுக்கு முன்னால் அரசியல்வாதி விமல் வீரவன்ச சத்தியாக்கிரகம் இருந்தார். ஜனவரி நடுப்பகுதியில், 6ஆம் தரச் சீர்திருத்தம் 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அந்தப் பெயர் புத்தகத்தில் வந்தது பெரும் பிழை. பதினொரு வயதுப் பிள்ளையின் கைக்குப் போகும் பக்கத்தை அச்சுக்கு முன் ஒருவராவது சரியாகப் பார்த்திருக்க வேண்டும். இதில் பெற்றோருக்கும் பாடசாலைக்கும் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் அந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாலியல் கல்வியே வேண்டாம், சீர்திருத்தமே வேண்டாம் என்று பேச்சு நீண்டது. பிள்ளைக்கு எந்த வயதில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது உண்மையான கருத்து வேறுபாடு, அதை ஆறுதலாக இருந்து பேச வேண்டும். அச்சுப்பிழை விசாரணையோடு சேர்த்து அதற்கும் தீர்ப்பெழுத முடியாது.

தமிழ்நாட்டின் திருநெல்வேலியில் 2020 நவம்பரில் வேறு மாதிரி நடந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்தில், மாவோயிஸ்டுகளோடு காட்டில் தங்கியதைப் பற்றி அருந்ததி ராய் எழுதிய புத்தகம் 2017 முதல் இருந்தது. ஏபிவிபி மாணவர் அமைப்பு எதிர்த்ததும் அது நீக்கப்பட்டு, இயற்கையைப் பற்றி எம்.கிருஷ்ணன் எழுதிய கட்டுரைகள் வந்தன. அங்கே எந்தப் பிழையும் அச்சாகவில்லை. வளர்ந்த மாணவர்கள் வாசித்து வாதாட வேண்டிய புத்தகம் அது. அதை எடுத்தது தவறென்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்தில், ஆங்கில வகுப்பில் வைத்த தன்பாலீர்ப்பாளர் போன்ற பாலினச் சிறுபான்மையினர் பற்றிய சிறுவர் கதைகளை எதிர்த்துப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூன் 27இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அவர்கள் பக்கம் நின்றது. வழக்கு முடியும்வரை, அந்தக் கதைகளை வகுப்பில் எடுக்கப்போவதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், விரும்பாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்றது. பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பி வெளியே அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்கூட்டியே சொல்வது மட்டும் எங்களுக்கும் வேண்டும்.

எங்கள் பெற்றோருக்கு யார் சொன்னார்கள்? 1980இலிருந்து பாடநூல் இலவசமாக வீடுவரை வருகிறது, உள்ளே இருப்பதைத் தமிழில் சொல்ல ஒருவரும் வருவதில்லை. அதனால் போனில் வரும் படத்தை நம்புகிறார்கள். கூடாத பக்கமாம், புத்தகத்தையே நிற்பாட்டிப்போட்டார்களாம் என்ற ‘ஆம்’களைத் தவிர அவர்களிடம் வேறு ஆதாரமில்லை.

2027 மொடியூலோடு ஒவ்வொரு பாடத்திலும் என்ன இருக்கிறதென்று தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்து அனுப்பலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் சிரமதானமும் கதிரை மேசையும்தான் பேசப்படுகின்றன. வருடத்தின் முதல் கூட்டத்தில் ஆங்கில ரீச்சருக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கட்டும். அவர் புத்தகத்தை விரித்துப் பக்கம் பக்கமாகச் சொல்லட்டும், பிடிக்காததைத் தாய்மார் முகத்துக்கு நேரே கேட்கட்டும்.