கம்ப்யூட்டருக்கு மூளை மாற்று ஆபரேஷன்!

ஒரு கம்ப்யூட்டரை மேஜை மேல் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, மூளையையே மாற்றினால் எப்படி இருக்கும்? நிஜமாகவே இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்!

அந்தக் கம்ப்யூட்டரின் பெயர், அமிகா 1200. அமெரிக்காவின் கமடோர் கம்பெனி, 1992 அக்டோபரில் இதை வெளியிட்டது. பார்ப்பதற்கு, கொஞ்சம் தடிமனான கீ-போர்டு மாதிரிதான் இருக்கும். தனியாகப் பெட்டி கிடையாது. கீ-போர்டுக்கு அடியிலேயே கம்ப்யூட்டர் முழுவதும் அடக்கம். டி.வி.,யில் ஒயரைச் சொருகினால் படம் வந்துவிடும். பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் ஏராளமான பிள்ளைகள் அமிகாவில்தான் படம் வரைந்தனர், இசை அமைத்தனர், விளையாடித் தீர்த்தனர்.

1994 ஏப்ரலில் கமடோர் கம்பெனி மூடப்பட்டது. ஆனால், ரசிகர்கள் அமிகாவை விடவில்லை. இன்றைக்கும் அதைத் துடைத்து, ரிப்பேர் பார்த்து, ஓட வைக்கின்றனர். ஓட வைத்தால் போதுமா... வேகமாக ஓட வேண்டாமா? அங்கேதான் ஆரம்பிக்கிறது ஆபரேஷன்!

பி.டி. சார் விசில்!

கம்ப்யூட்டரின் மூளையை, 'பிராசசர்' என்பார்கள். அமிகா 1200ல் இருப்பது மோட்டரோலா கம்பெனியின் 68இசி020 என்ற பிராசசர். இதன் வேகம், 14 மெகா ஹெர்ட்ஸ்.

அதென்ன மெகா ஹெர்ட்ஸ்? பள்ளியில் டிரில் பீரியடை நினைத்துக் கொள்ளுங்கள். பி.டி. சார் விசில் ஊதுவார். ஒரு விசிலுக்கு ஓர் அடி வைப்பீர்கள். கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒரு விசில் உண்டு. ஒரு சின்ன உலோக டப்பிக்குள் குவார்ட்ஸ் படிகம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும், அது ஒரே சீராக அதிரும். அந்தத் துடிப்புக்கு ஏற்பத்தான் பிராசசர் வேலை செய்யும். 14 மெகா ஹெர்ட்ஸ் என்றால், வினாடிக்கு 1 கோடியே 40 லட்சம் விசில்!

'அம்மாடியோவ்' என்று தோன்றுகிறதா? ஆனால், இன்றைய சாதாரண செல்போனுக்கு முன் இது நத்தை வேகம்.

பெரியண்ணன் வந்தாச்சு!

அமிகா 1200ன் பிராசசர், போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சுலபத்தில் பிடுங்க முடியாது. அதனால், அடிப்புறக் கதவு வழியாக 'ஆக்சிலரேட்டர் கார்டு' என்ற அட்டையைச் சொருகுவார்கள். அந்த அட்டையில் வேறு பிராசசர், தனி மெமரி, தனி விசில் எல்லாமே இருக்கும். அது உள்ளே வந்ததும், பழைய பிராசசர் வேலையை ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

ஜெர்மனியின் பேஸ் 5 கம்பெனி தயாரித்த 'பிளிசார்டு 1260' என்ற கார்டு, ரசிகர்களிடம் ரொம்பப் பிரபலம். 1994ல் வெளிவந்த 68060 பிராசசர் இதில் இருக்கிறது. வேகம், 50 மெகா ஹெர்ட்ஸ். பழையதைவிட மூன்றரை மடங்குதானே என்று நினைத்துவிடாதீர்கள். பழைய பிராசசர், ஒரே கல்லில் தோசை வார்க்கும் மாஸ்டர் என்றால், 68060 பக்கத்து பக்கத்தில் இரண்டு கல் போட்டு, ஒரே நேரத்தில் இரண்டு தோசை வார்க்கும் மாஸ்டர்! அடிக்கடி தேவைப்படும் விஷயங்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கொள்ள, அதற்குள்ளேயே கொஞ்சம் மெமரியும் உண்டு. அதனால், வித்தியாசம் மூன்றரை மடங்கைவிட மிக அதிகம்.

இதிலும் திருப்தி வராதவர்கள், அந்தக் கார்டில் இருக்கும் 68060ஐயும் மாற்றுவார்கள். ஆரம்பத்தில் வந்த 68060கள், 50 மெகா ஹெர்ட்சிலேயே நன்றாகச் சூடேறும். பின்னால் வந்த 'ரிவிஷன் 6' என்ற வகையை, இன்னும் நுணுக்கமான முறையில் தயாரித்தார்கள். அது சூடாவது குறைவு. எனவே, வேகமான விசிலுக்கும் தாங்கும்.

206 கால்கள்!

ஆபரேஷனில் கத்தி, ரத்தம் எதுவும் இல்லை. ஆனால், கை நடுங்கக் கூடாது. 68060க்கு அடியில் ஊசி போல 206 கால்கள் இருக்கின்றன. ஒரு பக்கமாக நெம்பினால், கால்கள் வளைந்துவிடும். ஒன்று ஒடிந்தாலும் போச்சு! இந்தப் பிராசசர் இப்போது தயாராவதில்லை. கடைக்குப் போய் வேறு வாங்கி வர முடியாது. எனவே, நான்கு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி எடுப்பார்கள்.

அதற்கு முன், கையில் ஒரு பட்டை கட்டிக் கொள்வார்கள். நைலான் சட்டையைக் கழற்றும்போது 'சட சட' என்று பொறி பறக்குமே, அந்த நிலை மின்சாரம் நம் உடம்பிலும் தங்கியிருக்கும். நமக்கு அது சுருக்கென்று ஒரு குத்து. சிப்புக்கு உயிரே போய்விடும்! பட்டையில் உள்ள ஒயர், அந்த மின்சாரத்தை பூமிக்குள் இறக்கிவிடும்.

புதிய பிராசசரை எப்படி வேண்டுமானாலும் வைக்க முடியாது. ஒரு மூலையில் சின்ன அடையாளம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

அடுத்தது விசில். '50' என்று எழுதிய உலோக டப்பியை எடுத்துவிட்டு, '66' என்று எழுதியதைச் சொருகுவார்கள். இப்போது வினாடிக்கு 6 கோடியே 60 லட்சம் விசில்!

இங்கேதான் பலருக்கு வம்பு வரும். பி.டி. சார் திடீரென்று படு வேகமாக விசில் ஊதினால் என்ன ஆகும்? முன் வரிசை பையன்கள் சமாளிப்பார்கள். பின் வரிசை தடுமாறும். அதே மாதிரி, பிராசசர் ஓடினாலும், கார்டில் உள்ள மெமரியும், மற்ற சிப்களும் ஈடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிடும். சில கார்டுகள் 66ல் ஜம்மென்று ஓடும். சில முரண்டு பிடிக்கும். முரண்டு பிடித்தால், பேசாமல் '50' டப்பியையே திரும்ப மாட்டிவிட வேண்டியதுதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

போலி சிப் ஜாக்கிரதை!

கிடைக்காத பொருள் என்றால், ஏமாற்றுக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தானே? 68060க்கு ஒரு தம்பி உண்டு, பெயர், 68எல்சி060. தசம எண்களை வேகமாகக் கணக்குப் போடும் பிரிவு, தம்பியிடம் இல்லை. அதனால் விலையும் குறைவு. தம்பியின் முதுகில் உள்ள எழுத்துக்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, அண்ணன் பெயரை அச்சடித்து விற்கின்றனர் மோசடிப் பேர்வழிகள். கண்ணால் பார்த்தால், கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

ஆனால், அந்த மோசடிப் பேர்வழிகளால் தொட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. பிராசசருக்கு உள்ளேயே அதன் அடையாள எண் பதிந்திருக்கும். ஒரு சின்ன புரோகிராமை ஓட்டி, 'நீ யாரப்பா?' என்று அதையே கேட்கலாம். 0430 என்று பதில் வந்தால் அண்ணன். 0431 என்றால் தம்பி! எத்தனையாவது ரிவிஷன் என்பதையும் சொல்லிவிடும். இந்த ஆபரேஷனிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

குரு தியானம்!

எல்லாம் மாட்டியாச்சு... ஆனால், 68060ல் ஒரு வினோதம். வேகத்துக்காக, முந்தைய பிராசசர்களுக்குத் தெரிந்த சில கட்டளைகளை இதிலிருந்து நீக்கிவிட்டார்கள். பழைய புரோகிராம் அந்தக் கட்டளையைக் கொடுத்தால், இது முழிக்கும். எனவே, '68060.லைப்ரரி' என்ற சாப்ட்வேரை டிஸ்க்கில் ஏற்றி வைக்க வேண்டும். தெரியாத கட்டளை வரும்போதெல்லாம், அந்த வேலையை வேறு வழியில் செய்து முடிக்க, பிராசசருக்கு அது சொல்லிக் கொடுக்கும்.

அமிகா தகராறு செய்தால் எப்படித் தெரியும்? ஆரம்ப கால அமிகாக்களில், கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தில், 'குரு மெடிடேஷன்' என்று வரும். அதாவது, குருவின் தியானம்! அமிகாவை உருவாக்கிய குழுவினர், அதற்கு முன் 'ஜாய்போர்டு' என்ற பலகையைத் தயாரித்தவர்கள். அதன் மேல் ஏறி நின்று வீடியோ கேம் விளையாடலாம். வேலையில் தலை சூடாகும்போது, அதன் மேல் சம்மணம் போட்டு, கொஞ்சமும் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பார்களாம். அதிலிருந்து வந்த பெயர் இது. அமிகா 1200 வந்த காலத்தில், திரையிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். பழைய பெயரே நன்றாக இருந்தது!

குட்டீஸ், ஒரு விஷயம்... இதைப் படித்துவிட்டு, வீட்டு கம்ப்யூட்டரைக் கவிழ்த்துப் போட்டுவிடாதீர்கள். அப்பா, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக் கொள்வது நீங்கள்தான்; நான் இல்லை!

சரி, ஆபரேஷன் வெற்றி என்று எப்படித் தெரிந்து கொள்வது? பலர் செய்வது, ஒரு எம்.பி.3 பாட்டைப் போட்டுப் பார்ப்பது. அமிகா 1200 வெளிவந்தபோது, எம்.பி.3 என்ற பெயரே உலகத்தில் இல்லை. சுருக்கி வைத்த அந்தப் பாட்டை விரித்து, கேட்கக் கேட்கப் பாடும் வேகம், பழைய பிராசசருக்குக் கிடையாது. கதவை மூடி, கம்ப்யூட்டரை நிமிர்த்தி வைத்து, சுவிட்சைப் போட்டு, காதைத் தீட்டிக் கொண்டு உட்காருவார்கள். பாட்டு திக்காமல், திணறாமல் கடைசி வரை ஓடினால்... அன்றைக்கு அந்த வீட்டில் திருவிழாதான்!