பொதுப் பள்ளியும் பொது வரியும்

பொதுப் பள்ளிகளுக்காக வரியை உயர்த்தலாமா என்னும் கேள்வி எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு விடைகள் உடனே பிறக்கின்றன. விலைவாசி ஏறிவரும் காலத்தில் இன்னொரு வரியா என்பது ஒன்று. பிள்ளைகளின் கல்விக்குக் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பது என்பது மற்றொன்று. இரண்டும் உணர்விலிருந்து எழும் விடைகள். பள்ளிக்குரிய பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே செல்கிறது, எங்கே வற்றிவிடுகிறது என்பவற்றை அறிந்த பின் விடை காண்பதே முறை. மலேசியாவின் நிலையை முதன்மையாகக் கொண்டு, தமிழ்ப்பள்ளிகளை எடுத்துக்காட்டாக நிறுத்தி, இக்கட்டுரையில் அதனை ஆராய்வோம்.

பணம் வரும் வழி

நாம் ஊராட்சி மன்றத்திற்குச் செலுத்தும் மதிப்பீட்டு வரியிலிருந்து பள்ளிகள் நடைபெறுவதில்லை. அத்தொகை தெருவிளக்கு, கால்வாய், குப்பை அகற்றுதல் முதலியவற்றிற்குச் செல்கிறது. நிலவரியோ மாநிலத்திற்கு உரியது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி கல்வி கூட்டரசு அரசாங்கத்தின் பொறுப்பாகும். எனவே வருமான வரி, நிறுவன வரி, விற்பனை வரி, சேவை வரி, எண்ணெய் வருவாய் ஆகிய அனைத்தும் சேரும் பெரும் நிதியிலிருந்தே பள்ளிகளுக்குப் பணம் வருகிறது. அரசியலமைப்பின் 97ஆம் பிரிவு கூட்டரசின் வருவாய் ஒரே தொகுப்பு நிதியில் சேர வேண்டும் என விதிக்கின்றது. சேவை வரியாக நாம் தந்த ஒரு ரிங்கிட் பள்ளிக்குச் சென்றதா, பாலத்திற்குச் சென்றதா என்று தனித்துக் காட்ட இயலாமைக்குக் காரணம் இதுவே.

2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தின் மொத்தத் தொகை 421 பில்லியன் ரிங்கிட். அதில் கல்வியமைச்சுக்கு 64.1 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. அரசாங்கம் செலவிடும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் ஏறத்தாழ 15 சென் பள்ளிக் கல்விக்குச் செல்கிறது என்பது இதன் பொருள். இதில் பெரும்பகுதி ஆசிரியர் சம்பளமாகவே அமைகிறது. புதிய கட்டடம், பழுதுபார்த்தல், ஆய்வுக்கூடம், நூலகம் ஆகியவை எஞ்சியதற்காகப் போட்டியிட வேண்டியுள்ளது.

இன்னொரு பக்கமும் உண்டு. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மலேசியா வரியாகத் திரட்டுவது அண்மைய ஆண்டுகளில் 12 முதல் 13 விழுக்காட்டளவே இருந்து வந்துள்ளது. பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பில் இடம்பெற்றுள்ள நாடுகளின் சராசரி ஏறத்தாழ 34 விழுக்காடு. அந்நாடுகளில் ஓய்வூதியத்திற்கும் மருத்துவத்திற்குமான சமூகக் காப்புத் தொகைகளும் வரியாகவே எண்ணப்படுவதால் இரண்டையும் நேர்நேராக ஒப்பிடுவது சரியாகாது. எனினும் நம் வரித்தளம் குறுகியது என்பது தெளிவு. 2015 ஏப்ரல் முதல் நாள் 6 விழுக்காட்டில் தொடங்கிய பொருள் சேவை வரி 2017இல் மட்டும் ஏறத்தாழ 44 பில்லியன் ரிங்கிட் ஈட்டித் தந்தது. 2018 ஜூன் மாதம் அது சுழிய விழுக்காடாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அதைவிடக் குறைந்த வருவாய் தரும் விற்பனை, சேவை வரி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. மக்களின் சுமை குறைந்தது. பொது நிதியும் குறைந்தது.

பெயரிடப்படாத வரி

வரி குறைந்தால் பள்ளியின் செலவு குறைந்துவிடுமா? செலவு அங்கேயே நிற்கும். அதனைச் சுமப்பவர் மட்டும் மாறுவார். இதனை நம் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளியின் பொறுப்பு தோட்ட நிர்வாகத்தின் கையில் விடப்பட்டதால், பள்ளியின் தரமும் அந்நிர்வாகத்தின் மனப்போக்கைப் பொறுத்ததாயிற்று. சட்டத்தை நிறைவு செய்ய ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் போதும் என்று கருதிய தோட்டங்கள் பல. பின்னர் 1952ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் மலாயா முழுமைக்கும் தேசியப் பள்ளிகளை நிறுவ முனைந்தபோது, பணம் போதாமையால் அத்திட்டம் தடைப்பட்டது. நோக்கம் பெரிதாயினும் நிதி இல்லையேல் சட்டம் தாளிலேயே நின்றுவிடும் என்பதற்கு அது சான்று.

விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கிடப்படுகிறது. இன்று அவை 528. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டதும் இக்குறைவிற்குக் காரணங்கள். எஞ்சியவற்றுள் பெரும்பான்மையானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். பள்ளி நிற்கும் நிலம் அரசாங்கத்திற்கு உரியதாக இல்லாமல் தோட்ட நிறுவனத்திற்கோ தனியாருக்கோ அறவாரியத்திற்கோ உரியதாக இருப்பின் அப்பள்ளி இவ்வகையில் அடங்கும். இங்கும் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே ஏற்கிறது; தலைக்கணக்கு மானியமும் உண்டு. ஆனால் கட்டடம் எழுப்புவதற்கும் பெரும் பழுதுகளைச் சீரமைப்பதற்குமான தொகை உரிமையாக ஆண்டுதோறும் வருவதில்லை. சிறப்பு ஒதுக்கீடு என்னும் அறிவிப்பை எதிர்நோக்கியே அது நிற்கிறது.

இந்த இடைவெளியைப் பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நிரப்புகின்றன. விருந்து நிகழ்ச்சி, நன்கொடை அட்டை, கோவில் திருவிழாவில் வைக்கும் உண்டியல், முன்னாள் மாணவர் நிதி எனப் பல வழிகளில் பணம் திரட்டப்படுகிறது. நம் சமூகத்தின் தாராள மனத்திற்கு இது பெருமை சேர்ப்பதே. எனினும் பொருளியல் நோக்கில் இது பெயரிடப்படாத ஒரு வரி. முறையான வரி ஒருவரின் ஆற்றலை அளந்து கேட்கிறது. இவ்வரியோ அருகில் இருப்பவரைக் கேட்கிறது. மருத்துவரும் வழக்கறிஞரும் வணிகரும் பெற்றோராக உள்ள நகர்ப்புறப் பள்ளி ஒரே மாலை விருந்தில் திரட்டும் தொகையை, நாற்பது பிள்ளைகள் பயிலும் ஓர் உட்புறத் தோட்டப்பள்ளி பல ஆண்டுகள் உண்டியல் ஏந்தினாலும் திரட்ட முடிவதில்லை. தேவை மிகுந்த இடத்தில் கொடை குறைவாகவும், தேவை குறைந்த இடத்தில் கொடை மிகுதியாகவும் அமைவது தனி மனிதரின் குற்றமன்று. நன்கொடை என்னும் முறையின் இயல்பு அது.

வருமான வரிச் சட்டம் இவ்வேற்றுமையை இன்னும் ஒரு படி கூட்டுகிறது. அங்கீகாரம் பெற்ற நிதிக்கு அளிக்கும் கொடையை வருமானத்திலிருந்து குறிப்பிட்ட வரம்புவரை கழித்துக்கொள்ளலாம். உயர்ந்த விழுக்காட்டில் வரி செலுத்துபவருக்கு இக்கழிவால் கிடைக்கும் பயன் பெரிது. வருமான வரி வரம்பிற்கே வராத ஒரு தோட்டத் தொழிலாளி தரும் 50 ரிங்கிட்டுக்கோ ஒரு சென்கூடத் திரும்ப வருவதில்லை.

அந்தந்த ஊர் அந்தந்தப் பள்ளிக்கு

அப்படியாயின், ஒவ்வோர் ஊரும் தன் பள்ளிக்குத் தானே வரி விதித்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவின் பட்டறிவு இதற்கு விடை தருகிறது. அங்கே பள்ளிகளுக்கான நிதியில் பெரும்பங்கு நெடுங்காலமாக வட்டாரச் சொத்து வரியிலிருந்தே வந்தது. டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என இரு பள்ளி வட்டாரங்கள் இருந்தன. 1967-68ஆம் கல்வியாண்டில், ஏழை வட்டாரமான எட்ஜ்வுட் கூடுதல் விழுக்காட்டில் வரி விதித்தும் மாணவர் ஒருவருக்கு 26 டாலரே திரட்டியது. செல்வ வட்டாரமான அலமோ ஹைட்ஸ் குறைந்த விழுக்காட்டிலேயே 333 டாலர் திரட்டியது. பெற்றோர் தொடுத்த வழக்கில், இவ்வேற்றுமை நாட்டின் அரசியலமைப்புக்கு முரணன்று என்று 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரித்தளம் சிறுத்தால் ஏழை கூடுதலாகத் தந்தும் குறைவாகவே பெறுவார் என்னும் பாடம் இதில் உள்ளது. இவ்வகையில், கல்வி நிதியை நாடு முழுமைக்கும் பொதுவாக வைத்துள்ள மலேசிய முறை மேலானது. உண்டியலை நம்பி நிற்கும் பகுதி உதவிப் பள்ளிகளோ அம்முறைக்குள்ளேயே இருக்கும் சிறு எட்ஜ்வுட்கள்.

பணம் தந்தால் கல்வி உயருமா?

வரி உயர்வை மறுப்போர் கூறும் வலுவான காரணம் ஒன்றுண்டு. இப்போது செலவாகும் பணமே உரிய பயன் தரவில்லை என்பர். 2022ஆம் ஆண்டின் பீசா அனைத்துலக மதிப்பீட்டில் மலேசிய மாணவர் கணிதத்தில் 409 புள்ளிகள் பெற்றனர். மலேசியாவைவிட வருமானம் குறைந்த வியட்னாம் 469 பெற்றது. இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. பயிற்சி குறைந்த வகுப்பறைக்குள் பணத்தை மட்டும் கொட்டினால் கல்வி உயர்ந்துவிடாது.

எனினும் பணத்தால் பயனில்லை என்னும் முடிவும் பிழையானது. அமெரிக்காவில் நீதிமன்றத் தீர்ப்புகளால் பல மாநிலங்கள் பள்ளி நிதியைப் பகிர்ந்தளிக்கும் முறையை மாற்ற நேர்ந்தது. அம்மாற்றத்தின் விளைவை ஆராய்ந்து 2016இல் பொருளியலாளர் மூவர் வெளியிட்ட ஆய்வு, 12 ஆண்டுப் பள்ளிக் காலம் முழுதும் மாணவர் ஒருவருக்கான செலவு 10 விழுக்காடு கூடியபோது, அம்மாணவர் வளர்ந்தபின் பெற்ற ஊதியம் ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளிடமே இப்பயன் மிகுதியாகத் தென்பட்டது. ஆகவே, எவ்வளவு பணம் என்பதோடு, எந்தப் பிள்ளைக்கு, எத்தனை ஆண்டு தொடர்ச்சியாக என்பனவும் கேட்கப்பட வேண்டியவை.

எந்த வரி?

வரிகள் அனைத்தும் ஒன்றல்ல. பொருள்களின் மீதும் சேவைகளின் மீதும் விதிக்கும் வரி எளிதில் திரட்டத் தக்கது. ஆனால் வருமானம் முழுவதையும் செலவிட்டே வாழும் குடும்பத்தை அது கூடுதலாக அழுத்தும். சிங்கப்பூர் தன் பொருள் சேவை வரியை 2023இல் 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் உயர்த்தியது. அரசு உதவித்தொகை பெறும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் உரிய வரியை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. குடும்பங்களுக்கு ரொக்க உதவியும் வழங்கியது. வரியை உயர்த்தும் கை ஈடுசெய்யும் கையாகவும் இருத்தல் இயலும் என்பதை இது காட்டுகிறது.

மலேசியாவும் சேவை வரியை 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாக்கியது. 2025ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் 100,000 ரிங்கிட்டைக் கடந்த இலாப ஈவு வருமானத்திற்கு 2 விழுக்காடு வரி விதித்தது. 2025 ஜூலை முதல், மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 60,000 ரிங்கிட்டுக்கு மேல் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளின் கட்டணம் 6 விழுக்காட்டுச் சேவை வரிக்கு உட்படுகிறது. பிரிட்டனில் 2025 ஜனவரி முதல் தனியார் பள்ளிக் கட்டணத்திற்கு 20 விழுக்காட்டு வரி விதிக்கப்பட்டபோது, அரசுப் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்களைச் சேர்ப்பதற்கு அது உதவும் என்று அந்நாட்டு அரசாங்கம் வெளிப்படையாகக் கூறியது. வரியின் நோக்கத்தை முன்னரே அறிவித்துவிட்டால், பின்னர் மக்கள் அதனை அளந்து பார்க்க முடியும்.

நோக்கத்தை அறிவிப்பதோடு அமையாமல் பெயரையும் சூட்டிய நாடு இந்தியா. 2004இல் 2 விழுக்காட்டுக் கல்விக் கூடுதல் வரியை அது அறிமுகப்படுத்தியது. பின்னர் இடைநிலை, உயர்கல்விக்கென மேலும் 1 விழுக்காடு சேர்ந்தது. தொடக்கக் கல்விக்குத் தனி நிதி அமைந்தது. இடைநிலை, உயர்கல்விக்குத் திரட்டிய தொகைக்கோ பல ஆண்டுகள் தனி நிதியே அமைக்கப்படவில்லை என்பதை அந்நாட்டுத் தலைமைக் கணக்குத் தணிக்கைத் துறை சுட்டிக்காட்டியது. வரிக்குக் கல்வி எனப் பெயரிடுவது எளிது. கணக்குக் காட்டுவதே கடினம்.

நாம் காணும் முடிவு

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, பொதுப் பள்ளிகளுக்காக வரியை உயர்த்துவது தகும் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவது, உயர்வு ஆற்றல் உள்ளவரிடம் தொடங்க வேண்டும். அன்றாட உணவுப் பொருளில் கை வைக்குமுன் பெரும் இலாப ஈவும் ஆடம்பரச் செலவும் கணக்கில் வர வேண்டும். இரண்டாவது, பகுதி உதவிப் பள்ளிகளின் கட்டடத்திற்கும் பராமரிப்பிற்குமான தொகை, மாணவர் எண்ணிக்கை, கட்டடத்தின் வயது, பெற்றோரின் வருமானம் ஆகியவற்றைக் கொண்ட நிலையான வாய்பாட்டின்படி ஆண்டுதோறும் வர வேண்டும். தமிழ்ப்பள்ளிகளுக்கு மட்டுமன்றிச் சீனப்பள்ளிகளுக்கும் சமயப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். மூன்றாவது, ஒவ்வொரு பள்ளியும் பெற்ற தொகையும் செலவிட்ட விவரமும் பெற்றோர் படித்து உணரத்தக்க வகையில் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனையில் மொழி வளர்ச்சியை நாடும் நமக்கும் ஒரு கடமை உண்டு. வரவு செலவுத் திட்டம், ஒதுக்கீடு, வளர்ச்சிச் செலவு, நடைமுறைச் செலவு, தலைக்கணக்கு மானியம் ஆகிய சொற்களின் பொருளை நம் பெற்றோர் தெளிவாக அறிந்தால்தான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க முடியும். ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டதற்கும் பணம் வந்து சேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர் கைதட்டிவிட்டு வீடு திரும்புவார். அறிந்தவர் அடுத்த ஆண்டும் வந்து கேட்பார். அத்தகைய பெற்றோரை உருவாக்கும் எளிய தமிழ் விளக்கங்களை எழுதிப் பரப்புவது நம்மால் இயலும் பணி. வரி உயர்வதற்கு முன்பே அதனைத் தொடங்கலாம்.