சண்டிக் குதிரையின் விலை

தமிழ்நாட்டில் குதிரை வாங்கி ஏமாந்தவர்களுள் முதல் ஸ்தானம் அரிமர்த்தன பாண்டியனுக்கே உரியது. மந்திரியான வாதவூரரிடம் பொக்கிஷத்தைத் திறந்து கொடுத்து, கடல் வழியே வந்திறங்கும் பரிகளை வாங்கி வரும்படி அவன் அனுப்பினான். அந்தப் பொருளெல்லாம் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவாகிவிட, இறைவனே குதிரை வாணிகனாக வேஷம் பூண்டு, காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்து, அரசன் முன்னிலையில் அவற்றின் லட்சணங்களை எடுத்துரைத்துக் கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான் என்பது திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை. அன்றிரவே அவை மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் முன்பே கட்டியிருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஊளையிட்டுக்கொண்டு ஓடின. பக்தர்கள் இந்தக் கதையில் காண்பது இறைவனது திருவருளை; குதிரை வியாபாரம் அறிந்தவர்களோ, கயிறு கைமாறும்வரை அவை எவ்வளவு சாதுவாக நின்றன என்பதைத்தான் கவனிப்பார்கள்.

புராணத்தை விட்டுச் சரித்திரத்துக்கு வந்தாலும் பாண்டி நாட்டின் குதிரை ராசி அப்படியொன்றும் சிலாக்கியமாக இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, ஓர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து பாண்டியன் ஒருவனே ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பொன்னாகக் கொட்டி வாங்குகிறான் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் 100 கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். காரணமும் சொல்கிறார்: குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துப் போடுகிறார்கள், விற்கும் வணிகர்களோ, குதிரைகள் செத்தால்தான் அடுத்த கப்பலுக்குக் கிராக்கி என்று, லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை இந்தப் பக்கம் வரவொட்டாமல் தடுக்கிறார்கள். இதில் பிரயாணியின் மிகைப்படுத்தல் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் நல்ல குதிரையை வாங்கிக் கெடுப்பதற்கே இத்தனை வழி இருக்கும்போது, கெட்டுப்போன குதிரையை வாங்கலாமா என்று யோசிப்பவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை.

பவானிக்கு அப்பால் உள்ள அந்தியூரில், ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை, தமிழ்நாட்டில் இன்றும் குதிரை விலைபோகும் இடங்களுள் பேர்பெற்றது. காதுகளின் நுனி இரண்டும் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிகளும் கத்தியவாரிகளும் அங்கே வரும். மேளத்துக்கு அடியெடுத்து வைக்கும் நாட்டியக் குதிரையைச் சுற்றி ஜனங்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். இந்தக் கட்டுரைக்கு விஷயமாகிற குதிரை அந்தக் கூட்டத்தின் நடுவே இராது. சந்தையின் ஓரத்தில், மற்றக் குதிரைகளிடமிருந்து சற்று விலக்கிக் குட்டைக் கயிற்றில் கட்டப்பட்டு, விலா எலும்பு எண்ணும்படியாகவும், இடுப்பெலும்பு முட்டிக்கொண்டும், கழுத்தின் மேற்புறம் சதை வற்றிக் குழிந்தும், ஆள் நெருங்கினால் காதைப் பிடரியோடு ஒட்ட மடக்கிக்கொண்டும் அது நிற்கும்.

“பட்டினிதானுங்க, வேறே ஒரு குறையும் இல்லீங்க. ஒரு மாசம் கொள்ளு வெச்சுப் பாருங்க, பறக்கும்ங்க” என்பார் தரகர்.

“கடிக்குமா?”

“பழகாத ஆளைக் கண்டா கொஞ்சம் மொறைக்கும்ங்க. அவ்வளவுதானுங்க.”

துண்டுக்கடியில் விரல் பிடித்துச் சொல்லும் தொகையும் நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் நல்ல குதிரையின் விலையில் கால் பங்குகூட இல்லாத இந்தத் தொகைதான், ஓரளவு விவரம் தெரிந்தவனையும் மயக்குகிறது. இளைப்பு தீனியால் தீரும், முரட்டுத்தனம் அன்பால் தீரும், மீதி எல்லாம் லாபம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

தரகர் சொன்னதில் பொய் அதிகமில்லை. ஒரு மாதத்தில் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் அந்தக் குதிரை பறக்கக்கூடும். அதனுடைய துர்க்குணமும் அதே கொள்ளைத் தின்று அதனோடு சேர்ந்து பறக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டார். தேகபலம் இல்லாத குதிரை, உதைக்க நினைத்தாலும் காலைத் தூக்கி வைத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. சவாரிக்காரனை உதறித் தள்ள வேண்டும் என்று தோன்றினாலும் பத்தடி தூரத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. இன்று காதை மடக்குவது நாளைக்குப் பல்லாக வரும். இன்று நடக்க மறுத்து நிற்பது நாளைக்கு முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிமிர்வதாக முடியும். ஆகவே வாங்க நினைப்பவன் விலை பேச வேண்டியது எதிரே நிற்கிற எலும்புக்கூட்டுக்கு அன்று. ஆறு மாதம் உண்டு கொழுத்து, அதே மனக்கசப்போடு லாயத்தில் நிற்கப்போகிற குதிரைக்கே. அதன்மீது ஏறத் தனக்குத் துணிவும் பழக்கமும் உண்டா என்பதே அவன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

இதற்கு நேர்மாறான சாத்தியம் ஒன்றும் உண்டு. அதனால்தான் இந்த விவகாரம் சுலபமாகத் தீருவதில்லை. குதிரையின் துர்க்குணம் என்று நாம் பேர் வைப்பதில் பெரும்பகுதி, வாய் பேசத் தெரியாத பிராணி தன் நோவைத் தெரிவிக்கிற முறையே ஆகும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பரிகசித்து ஒரு பழமொழி செய்து வைத்திருக்கிறோம். அந்த வாயை ஒருமுறை திறந்து உள்ளே பார்த்தால், மேல் தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பும் கீழ்த்தாடைப் பற்களின் உள்விளிம்பும் தேய்மானக் கோணலால் கூர்மையாகி, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் அறுத்துப் புண்ணாக்கியிருப்பது தெரியவரலாம். அப்படிப்பட்ட வாயில் இரும்பைத் திணித்து லகானை இழுத்தால் எந்தச் சாதுவும் தலையை உதறத்தான் செய்யும். தீனியைச் சரியாக மெல்ல முடியாததால்தான் அது இளைத்தும் இருக்கும். இளைப்பும் முரட்டுத்தனமும் இரண்டு குறைகள் என்று நாம் எண்ண, இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் அரம் வைத்துத் தேய்த்துவிட்டால் தீரக்கூடிய வேர் அது. அவ்வாறே, முதுகுச் சதை வற்றிப்போன குதிரையின்மேல் சேணம் முதுகெலும்பிலேயே உட்கார்ந்து அழுத்துவதும், பந்தயக் குதிரைகளிடம் மிகுதியாகக் காணும் வயிற்றுப் புண்ணும், வார் கட்டப்போனவனைத் திரும்பிக் கடிக்கச் செய்யும்.

நோவு எங்கே என்று தேடுகிறவன், முதலில் குதிரையைக் கட்டுத்தறியிலேயே விட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பின்னங்காலை மாற்றி மாற்றித் தளர்த்தி வைப்பது எல்லாக் குதிரைக்கும் இயல்பு. முன்னங்காலில் ஒன்றை முன்னே நீட்டிப் பாரம் கொடுக்காமல் வைத்திருந்தால் அங்கே ஏதோ வலி இருக்கிறது. பிறகு கெட்டித் தரையில், கயிற்றைத் தளரவிட்டு, மெல்லோட்டமாக ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தாழும். கயிற்றை மோவாயருகே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவன் அந்தத் தலையசைவை மறைக்கிறான் என்று கொள்வதில் பாவமில்லை. “லாரியிலிருந்து இறக்கும்போது சறுக்கிடுச்சுங்க” என்று அவன் சொல்லக்கூடும். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பது நம் பாட்டிமார் அறிந்த சங்கதி.

வயதைப் பல்லில் பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஐந்து வயதில் முன்பற்கள் நிரம்பி, எட்டு வயதுக்குள் கீழ்ப்பற்களின் மேலுள்ள கருங்குழிகள் தேய்ந்துபோகும். அதற்குமேல் சொல்வதெல்லாம் அநுமானமே. தேய்ந்த பல்லில் குடைந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கருக்கி, கிழட்டுக் குதிரையை வாலிபமாக்கும் வித்தையும், சோம்பிய குதிரையின் வாலடியில் இஞ்சியைச் செருகி அதைச் சுறுசுறுப்பாகக் காட்டும் வித்தையும் உலகமெங்கும் பழமையானவை. இக்காலத்தில் அவற்றைவிட அஞ்ச வேண்டியவை ஊசிகள்: வலியை அமுக்குவது ஒன்று, வெறியை அமுக்குவது ஒன்று. ஆகையால் முரட்டுக் குதிரை என்று கேள்விப்பட்டு வந்த இடத்தில் அது தலையைத் தொங்கவிட்டு, உதடு தளர்ந்து, தூங்கி வழிந்து நின்றால் சந்தோஷப்படுவதற்கு ஒன்றுமில்லை; முன்னறிவிப்பின்றி வேறொரு நாள் வேறொரு வேளையில் போய்ப் பார்ப்பதே புத்தி. விற்பவருக்கு வேண்டாத, தனக்கே வேண்டிய கால்நடை வைத்தியர் ஒருவரைக் கையோடு அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

சுழி பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெற்றியிலும் மார்பிலும் விலாவிலும் மயிர் சுழிக்கும் இடங்களைக் கொண்டு சுபாசுபம் வகுக்கும் அசுவ சாஸ்திரம் நம்மிடம் விரிவாக உண்டு; அந்தியூருக்கு வருகிறவர்களுள் அநேகர் குதிரையின் காலைத் தொட்டுப் பார்க்குமுன் சுழியைத்தான் பார்க்கிறார்கள். அதை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் சுழி சுத்தமான குதிரைக்குக் குளம்பு வெடித்திருந்தால், வாங்கியவன் சுழியின்மேல் ஏறிச் சவாரி போக முடியாது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன், கிரேக்கப் படைத்தலைவர் செனபன் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய சிறு நூலின் தொடக்கமே, குதிரை வாங்குகிறவன் ஏமாறாமலிருப்பது எப்படி என்பதுதான். அவர் முதலில் பார்க்கச் சொல்வது பாதத்தை. உட்குழிவு உள்ள நல்ல குளம்பு கெட்டித் தரையில் தாளம்போல் ஒலிக்கும் என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஏறிப் பழகிய குதிரையானால், கடிவாளத்தை ஏற்கிறதா, ஏறும்போது நிற்கிறதா, மற்றக் குதிரைகளை விட்டுத் தனியே புறப்படுகிறதா என்று பரீட்சித்துப் பார்க்கவும் சொல்கிறார். கோபத்தோடு குதிரையின் அருகே போகாதே, பயந்த குதிரையை அடித்தால் பயம்தான் வளரும் என்பதும் அவருடைய போதனை.

அந்தப் போதனையின் பிரசித்தமான உதாரணம் அலெக்சாந்தரின் குதிரை. தெசலி நாட்டு வியாபாரி ஒருவன் 13 தாலந்து விலை சொல்லிக் கொண்டுவந்த பூசிபலஸ் ஒருவரையும் ஏறவிடாமல் துள்ளியதைக் கண்டு அரசன் பிலிப் அதை ஓட்டிக்கொண்டு போகச் சொல்ல, சிறுவனான அலெக்சாந்தர், அது தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்று கவனித்து, முகத்தைச் சூரியனுக்கு எதிரே திருப்பி, தட்டிக்கொடுத்துச் சற்றுக் கூடவே ஓடி, பின் ஏறினான் என்று புளூடார்க் எழுதுகிறார். நாமும் தேசிங்குராஜன் கதை கேட்டு வளர்ந்தவர்கள். முரட்டுக் குதிரையைக் கண்டால் அடக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசை நம்மவருக்கும் சற்று அதிகமே. ஆனால் பூசிபலஸ் நோயின்றித் திடமாக இருந்த குதிரை. அதன் பயத்துக்குக் காரணம் ஒன்றே, அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது. அலெக்சாந்தரும் ஏறியபின் காரணத்தைத் தேடவில்லை, காரணத்தைக் கண்டபின்பே ஏறினான்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். வார் கட்டும்போது கடிப்பது, வாயில் கை வைத்தால் உதறுவது, குளம்பைத் தூக்கினால் உதைப்பது ஆகிய குற்றங்கள் உள்ள இளைத்த குதிரையை, வைத்தியர் காரணத்தைக் கண்டு சொன்னால், அநுபவமுள்ளவன் வாங்கலாம். வலி போன பிறகும் வலியின் ஞாபகம் நெடுநாள் நிற்கும் என்று அறிந்து வாங்க வேண்டும். நெடுங்காலம் கட்டியே வைத்ததால் மரத்தைக் கவ்விக் காற்றை உறிஞ்சும் பழக்கம் ஏற்பட்டுவிட்ட குதிரையோடும் காலம் தள்ளலாம், அந்தப் பழக்கம் சுலபத்தில் மாறாவிட்டாலும். சவாரிக்காரனோடு நிமிர்ந்து பின்னே சாயக் கற்றுக்கொண்ட குதிரையை மட்டும் எந்த விலைக்கும், இனாமாகவும்கூட, நான் வாங்கச் சொல்லமாட்டேன். குழந்தைகளுக்காக வாங்குகிறவனும், முதன்முதலாக வாங்குகிறவனும் அந்த ஓரத்துக் குதிரையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

நகர்வது எளிதன்று. நாம் வாங்காவிட்டால் இதன் கதி என்ன என்ற எண்ணம் பின்னாலிருந்து இழுக்கும். அந்த எண்ணத்தை நம்பித்தான் சிலர் பட்டினி போட்ட குதிரைகளையே சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். இரக்கப்பட்டுக் கொடுத்த பணத்தில் அடுத்த குதிரையை வாங்கி அதையும் அதே ஓரத்தில் கட்டுகிறார்கள். கிரயம் சொற்பமானாலும், நாளொன்றுக்கு எட்டுப் பத்துக் கிலோ தீவனம், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம், வைத்தியர், பழக்குபவர் என்று ஆறு மாதத்தில் ஆகிற செலவு, பக்கத்தில் நின்ற நல்ல குதிரையின் விலையைத் தொட்டுவிடும். அந்தச் செலவைத் திரும்பி வராத பணமாக எழுதிவிடச் சம்மதிப்பவன் இரக்கத்துக்காக வாங்கலாம். அவனைத் தடுக்க நமக்கு உரிமையில்லை.

அப்படி வாங்கினவன் அவசரப்பட்டுக் கொள்ளை அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்கச் சிறியது. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்குத் தானியத்தை மிகுதியாக வைத்தால் வயிற்றுவலி கண்டோ குளம்பு வெந்தோ விழுந்துவிடும், சில சமயம் உயிரும் போகும். முதல் சில வாரங்களுக்குப் புல்லும் உலர்ந்த தட்டுமாகச் சிறுகச் சிறுகப் பல வேளை வைத்து, சேணம் பூட்டாமல், கயிற்றைப் பிடித்துக் கூடவே நடத்திக்கொண்டு போய்வர வேண்டும். தானியம் அதற்குப் பிறகுதான், அதுவும் கைப்பிடி கைப்பிடியாக.