மீன் போச்சு... நத்தை வந்தது!

'ஏரியில் மீன் குறைந்தால் மீன் விலை ஏறும், அவ்வளவுதானே?' என்றுதான் நினைப்போம். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிக்கரையில் நடந்ததே வேறு. சின்னப் பிள்ளைகளின் சிறுநீரில் ரத்தம் வர ஆரம்பித்தது!

மலாவி, மொசாம்பிக், தான்சானியா என்று மூன்று நாடுகளைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற பிரமாண்டமான ஏரி இது. ஆழம் சுமார் 700 மீட்டர். இங்குள்ள நூற்றுக்கணக்கான மீன் இனங்களில் பெரும்பாலானவை உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறீர்களா? அதில் மினுக்கும் நீல, மஞ்சள் 'சிக்லிட்' மீன்கள் பலவற்றுக்கும் இதுதான் தாய்வீடு.

வியாதியின் பெயர் பில்ஹார்சியா. காரணம், ஒரு புழு. நோயாளியின் சிறுநீர் தண்ணீரில் கலந்ததும் புழுவின் முட்டை பொரியும். குஞ்சு ஒருவகை நத்தைக்குள் புகுந்து ஆயிரக்கணக்கில் பெருகும். பிறகு வெளியே நீந்தி வந்து, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூட வேண்டாம். துணி துவைத்தாலே போதும்! வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய்கூட வரலாம்.

1980-களின் நடுப்பகுதி வரை இந்த ஏரியின் திறந்த கரைகளில் அந்தப் பயம் இல்லை. நத்தைகளைத் தொண்டைப் பற்களால் நொறுக்கித் தின்கிற மீன்கள் அங்கே காவல் இருந்தன. ஜனத்தொகை பெருகியது, வலையின் கண்ணும் சிறுத்தது. கொசுவலையை வைத்துக்கூட குஞ்சுமீன்களை அள்ளினார்கள். (பசிக்கிற வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?) காவல் போனதும் நத்தைகளுக்குக் கொண்டாட்டம்தான்! நோய் பெருகியதற்கு இதுவே முக்கிய காரணம் என்பது அங்கே வேலை செய்த ஆய்வாளர்களின் கருத்து.

போதாக்குறைக்கு, விறகுக்கும் மக்காச்சோளத்துக்கும் மலைச்சரிவுகளை மொட்டையடித்துவிட்டார்கள். மழை பெய்தால் லிந்திபே போன்ற ஆறுகள் செம்மண்ணை ஏரியில் கொட்டுகின்றன. மீன்கள் மேய்கிற, முட்டையிடுகிற பாறைகள் மீது சேறு படிகிறது.

1992-ல் மலாவியில் தங்கியிருந்த அமெரிக்கத் தொண்டர்கள் இருவருக்கு இந்தப் புழுவால் நரம்பு மண்டலமே பாதிக்கப்பட்டது. அதன்பிறகு அங்கே வசித்த வெளிநாட்டவர்களைச் சோதித்ததில், சுமார் மூன்றில் ஒருவருக்குத் தொற்றின் தடயம் இருந்தது!

'ப்ராசிக்வான்டெல்' என்ற மாத்திரை நன்றாகவே கேட்கும். ஆனால் மறுபடி ஏரியில் இறங்கினால் மறுபடி தொற்றும். மலாவி ஏரி தேசியப் பூங்காவில் கரையிலிருந்து 100 மீட்டர் வரை மீன்களுக்குப் பாதுகாப்பு உண்டு. காவல் கெடுபிடியாக இருந்தால்தான் பலன்.

உங்கள் மகனோ மருமகளோ வேலைக்காக அந்தப் பக்கம் போகிறார்களா? ஏரியில் குளிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். குளிக்க ஏரித் தண்ணீர்தான் என்றால், பிடித்து இரண்டு நாள் மூடி வைத்தால் புழுக்குஞ்சு செத்துவிடும். தெரியாமல் இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, உடம்பு நன்றாக இருந்தாலும், விஷயத்தை டாக்டரிடம் சொல்லி ரத்தமும் சிறுநீரும் டெஸ்ட் செய்துகொள்ளட்டும்.