எட்டு மில்லிமீட்டர்

ஊரில் சைக்கிள் கடை அண்ணன் காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கிராங்க்குக்கும் அதைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது கனடா வந்து, வேலைக்குப் போகும் பழைய சைக்கிளில் கைவைத்த பிறகுதான் தெரிந்தது.

தேய்ந்ததைக் கழற்றிப் புதிது போட்டேன். மரை ஒன்றுதான், ஆனால் பழைய அச்சு 110 மி.மீ., வாங்கியது 118. எட்டு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்ற அலட்சியம். அச்சு இருபுறமும் சமமாக நீள்வதால் முன் பல்சக்கரங்கள் 4 மி.மீ. வெளியே தள்ளி நின்றன. திருகாணியை எவ்வளவு திருகியும் கியர் மாற்றி பெரிய சக்கரத்தைச் சரியாக எட்டவில்லை. ஒருநாள் சிக்னல் தாண்டி வேகமெடுக்கக் கியரை மாற்றினேன். பாதி ஏறிய சங்கிலி கழன்று கால் வெறுமையாகச் சுற்றியது. பின்னால் பஸ். விழாமல் நின்றது என் சாமர்த்தியமல்ல, அந்த ஓட்டுநரின் நிதானம்.

ஃப்ரேமின் நடுக்கோட்டிலிருந்து முன் பல்சக்கரங்களின் நடுவரை உள்ள தூரம்தான் செயின்லைன். இரட்டைச் சக்கர ரோட் சைக்கிளுக்கு ஷிமானோ வைத்த அளவு 43.5 மி.மீ.; மூன்று சக்கர மலைச் சைக்கிளுக்கு 47.5 அல்லது 50. அதற்கேற்ற அச்சு நீளம் கிராங்க்குக்குக் கிராங்க் மாறும்.

சதுர முனை அச்சில் இன்னொரு வம்பும் உண்டு. ஜப்பானிய ஜே.ஐ.எஸ். முனைக்கும் ஐ.எஸ்.ஓ. முனைக்கும் சாய்வு ஒன்று, பருமன் வேறு. ஐ.எஸ்.ஓ. கிராங்க்கை ஜப்பானிய அச்சில் ஏற்றினால் சுமார் 4.5 மி.மீ. வெளியிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது, சங்கிலிக்குத் தெரியும்.

மறுபடி 110 வாங்கிப் போட்டேன். கியர் இப்போது ஒரே சொடுக்கில் ஏறுகிறது. 118 இழுப்பறையில் கிடக்கிறது.