டிஸ்க் பிரேக்குக்கு எண்ணெய் விடாதீங்க

நம் தோட்டங்களில் இப்போது டிஸ்க் பிரேக் பூட்டிய சைக்கிள்களையும் காண்கிறோம். புதிதாகப் பூட்டியதும் சில்லு சுற்றும்போது 'சர் சர்' என்று உரசும். உடனே நமக்கு எண்ணெய்ப் போத்தல்தான் ஞாபகம் வரும். எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்ற எண்ணம்! தட்டில் எண்ணெய் பட்டால் பிரேக் கட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பிள்ளையை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது, எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நிற்காது.

முதலில் சில்லு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்க. சைக்கிளைத் தரையில் நிறுத்தி, அச்சு நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினால் சில வேளை சத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால் கட்டைகள் இருக்கும் கெலிப்பரின் இரண்டு போல்ட்டையும் சற்றுத் தளர்த்தி, தட்டு நடுவில் வரும்படி நகர்த்தி இறுக்க வேண்டும். கேபிள் இழுக்கும் வகையில் பெரும்பாலும் வெளிக்கட்டை மட்டுமே அசையும். உட்கட்டையை அதற்குரிய திருகாணியால், உரசாத அளவுக்குத் தட்டுக்குக் கிட்டக் கொண்டுவாங்க. சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் தட்டு வளைந்திருக்கிறது, கடையில் காட்டுங்க.

ஏற்கெனவே எண்ணெய் விட்டவர்கள் தட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கட்டையை மாற்றிவிடுங்க. புதுக்கட்டை உடனே நன்றாகப் பிடிக்காது. சமதரையில் இருபது தரம் போல மெல்லப் பிரேக் பிடித்துப் பழக்கிய பிறகே இறக்கத்துக்குப் போகலாம். இறங்கி வந்த கையோடு தட்டைத் தொடாதீங்க, சுட்டுவிடும்.